மோதகம் தின்ன மறுத்த எலி

சிலரைச் சனி பிடிக்கும், சிலரைச் சீனி வருத்தம் பிடிக்கும். நீர்வேலித் தியாகலிங்கத்தைப் பிடித்தது ஒரு வட்டம்.

பஸ் டிப்போவில் நேரம் குறிக்கும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். கலியாணம் கட்டிக் கனடாவுக்குப் போன மகள் மதுரா, முகம் பார்த்துக் கதைக்கட்டும் என்று தன் பழைய லப்டொப்பை வீட்டில் விட்டுப் போயிருந்தாள். ஒருநாள் மகளோடு கதைத்து முடிந்த கையோடு தியாகலிங்கம் எதையோ தட்டப்போக, வேறு எதுவோ திறந்துகொண்டது. அதில் ஒரு பொடியன் சிரித்துச் சிரித்து நாலு வரி எழுதினான். திரையில் ஒரு வட்டம் வந்தது. இன்னும் கொஞ்சம் எழுதினான். வட்டம் நகர்ந்து போய் ஓரத்தில் முட்டித் திரும்பி வந்தது. தியாகலிங்கம் வாய் பிளந்து பார்த்தார். டிப்போவில் அவர் அனுப்பிய எதுவும் அத்தனை ஒழுங்காகத் திரும்பி வந்ததில்லை.

அதைச் செய், இதைச் செய் என்று கணினிக்கு வரி வரியாக எழுதிக்கொடுப்பதற்கு நிரல் என்று பெயர் என்பதை அறிந்துகொண்டார். அதன்பிறகு சாப்பாடு, குளிப்பு, பத்திரிகை எல்லாம் பின்னுக்குப் போய்விட்டன. நாளுக்கொரு சின்னப் பரிசோதனை. ஒருநாள் திரை முழுக்க மாங்காய் மழை பெய்தது. இன்னொரு நாள் ஒரு கூட்டம் காகம், ஒவ்வொன்றும் பக்கத்துக் காகத்தைப் பார்த்துத் திரும்பித் திரும்பிப் பறந்தது. இதனாலெல்லாம் யாருக்கு என்ன பயன் என்று கேட்டால் ஒரு பயனும் இல்லை. சீவியம் முழுக்கப் பயனுள்ள வேலை செய்து களைத்த மனுசனுக்கு அதுதான் இனித்தது.

"இஞ்சை வந்து பார் ஞானம், ஒருத்தரும் கலைக்காமல் காகங்கள் தாங்களாப் பறக்குது" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ஞானாம்பிகை ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்து பார்த்தாள். "வேலியிலை இருக்கிற காகமும் தானாத்தான் பறக்குது. அதுக்குக் கறன்ற் பில்லும் இல்லை" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குத் திரும்பிப் போனாள்.

அவளுடைய வருத்தம் காகத்தில் இல்லை. அவள் குசினியிலிருந்து "இஞ்சேருங்கோ" என்று கூப்பிடுவாள். இவர் காதில் விழாது. இரண்டாம் தரம் கூப்பிடுவாள். விழும், ஆனால் உள்ளே இறங்காது. மூன்றாம் தரம் பக்கத்து வளவு நாய் எழுந்து நின்று பார்க்கிற மாதிரிக் கூப்பிடுவாள். அப்போது "வாறன்" என்று ஒரு சொல் வரும். சொல்தான் வரும், ஆள் வராது.

இந்த நிலையில்தான் பிள்ளையார் கோயில் திருவிழா வந்தது.

அந்தக் கோயிலில் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம். நாலாம் திருவிழா தியாகலிங்கம் வீட்டாருடையது. ஐந்தாம் திருவிழா ஞானாம்பிகை பிறந்த வீட்டாருடையது. அதை இப்போது நடத்துவது அவளுடைய தமையன் ஆழ்வாப்பிள்ளை. வாழைக்குலை வியாபாரி, இரண்டு லொறி வைத்திருப்பவர். நாலாம் திருவிழாவுக்கு இரண்டு கூட்டம் மேளம் வந்தால் ஐந்தாம் திருவிழாவுக்கு நாலு கூட்டம் வரும். நாலாம் திருவிழாவுக்குக் கடலை என்றால் ஐந்தாம் திருவிழாவுக்குக் கடலையோடு வடையும் இருக்கும். வருடா வருடம் ஒரே ஒரு நாள் பிந்தி வந்து தோற்கடிக்கிற மச்சானை என்ன செய்வது? இந்த முறை ஆழ்வாப்பிள்ளை பட்டணத்திலிருந்து பனை உயரத்தில் மின்விளக்கு வளைவு கொண்டுவருகிறாராம் என்று செய்தி வந்ததும் தியாகலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்த முறை எங்கடை திருவிழாவுக்கு லைற் நானே செய்யப்போறன்" என்றார்.

ஞானாம்பிகை சுளகை நிலத்தில் வைத்தாள். "என்ன லைற்?"

"பிள்ளையாற்றை எலி. உயிரோடை நிக்கிற மாதிரி. தவில் அடிக்க அடிக்கத் துள்ளித் துள்ளி மோதகம் தின்னும்."

அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள். "செய்யுங்கோ. ஆனால் ஒண்டு சொல்லிப்போட்டன். அண்ணைக்கு முன்னாலை என்னைத் தலைகுனிய வைச்சியள் எண்டால், உந்தக் கொம்பியூட்டர் அடுத்த நாள் கிணத்துக்குள்ளை."

ஞானாம்பிகை பகிடிக்குச் சொல்லும் ஆள் இல்லை. முன்பு ஒருதரம் இரவும் பகலும் கத்திக்கொண்டிருந்த ஒரு ரேடியோவைச் சொன்ன சொல் தவறாமல் கிணற்றில் போட்டவள். தியாகலிங்கத்துக்கு அது தெரியும். என்றாலும் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை.

ஊரில் ஒலி ஒளி அமைப்பு வாடகைக்கு விடும் ஜெயதீபனைப் பிடித்து, ஓர் ஆள் உயரப் பலகையில் சின்னச் சின்ன மின்குமிழ்களை வரிசை வரிசையாகப் பதிப்பித்தார். ஜெயதீபன் நல்ல வேலைகாரன். ஆனால் எதையும் "இது சரிவராது ஐயா" என்று தொடங்கித்தான் செய்வான். பலகையை வீட்டு விறாந்தையில் நிறுத்தி முதன்முதல் ஏற்றிப் பார்த்தபோது எலி வரவில்லை. இடுப்பில் கட்டும் சாரமும் இல்லாத, தலை துவட்டும் துவாயும் இல்லாத ஏதோ ஒன்று கீலம் கீலமாகக் கிழிந்து தொங்கியது.

"எலியை ஆரோ லொறியாலை ஏத்திப்போட்டாங்கள் போலை" என்றாள் ஞானாம்பிகை.

காரணம் கண்டுபிடிக்க ஒரு பகல் போயிற்று. ஜெயதீபன் வயரை மிச்சம்பிடிக்க, முதல் வரிசையை இடமிருந்து வலமாகவும் அடுத்ததை வலமிருந்து இடமாகவும் உழவுக்காரன் திரும்புவதுபோல் பின்னியிருந்தான். ஆகவே ஒன்று விட்டு ஒரு வரிசை இடம்வலம் மாறித் தெரிந்தது. தியாகலிங்கம் அந்த வரிசைகளை மட்டும் திருப்பிப்போடு என்று நிரலில் ஒரு வரி எழுதினார். எலி பளிச்சென்று எழுந்து நின்றது. மீசை, வால், முன்னால் ஒரு மோதகம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்தது சத்தம். பலகையின் தலைமாட்டில் ஒரு சின்ன மைக். சத்தம் கேட்டால் எலி துள்ளி மோதகத்தை விழுங்கும், கொஞ்சம் கொழுக்கும், புது மோதகம் வரும். ஆனால் வீட்டைச் சுற்றி வாழைத்தோட்டம். தண்ணீர் இறைக்கும் மெசின் விடியத் தொடங்கினால் நிற்காது. அதோடு காகம், லாண்ட் மாஸ்டர் உழவு மெசின், கோயில் ஸ்பீக்கர். எலி ஓய்வு ஒழிச்சலில்லாமல் தின்றது. ஆகவே தியாகலிங்கம் நிரலுக்குப் புத்தி சொன்னார்: விடாமல் கேட்கும் சத்தத்தைக் கணக்கெடுக்காதே, தடித்த சத்தத்தைக் கணக்கெடுக்காதே, சடுதியாகவும் கீச்சென்றும் எழுகிற சத்தத்துக்கு மட்டும் துள்ளு.

பிறகு போனில் தவில் கச்சேரி ஒன்றைப் பெரிதாக வைத்தார். கொஞ்ச நேரம் போனது. எலி துள்ளித் தின்றது. நிறுத்தி மறுபடி வைத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி தின்றது. நாள்தோறும் சோதித்தார், ஒருநாளும் பிசகவில்லை. தியாகலிங்கம் கையைத் தட்டித் தூசி உதறினார்.

நாலாம் திருவிழா அன்று பின்னேரம் கோயில் வீதியில் சனம் நெருக்கமாக நின்றது. பலகையைத் தேர்முட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். அதன் பின்னால் கவிழ்த்த வாளி ஒன்றின்மேல் லப்டொப். உபயகாரர் அல்லவா, தியாகலிங்கம் பட்டு வேட்டியும் இடுப்பில் சுற்றிய சால்வையுமாக, வெற்று மேலில் விபூதி பூசி மாப்பிள்ளைபோல் நின்றார். மேளம் தொடங்கியது. ஜெயதீபன் சுவிச்சைப் போட்டான். எலி எழுந்தது. "ஆ" என்றது சனம்.

தவில்காரர் அடித்தார். எலி நின்றது. இன்னும் அடித்தார், கை தெரியாத வேகத்தில். எலி மோதகத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றது. கல்லில் செதுக்கிய எலியாவது இதைவிடக் கொஞ்சம் அசைந்திருக்கும்.

"இது சரிவராது எண்டு நான் அப்பவே சொன்னனான்" என்றான் ஜெயதீபன்.

தியாகலிங்கம் வாளிக்கு முன்னால் குந்தினார். ஏதோ ஓர் இலக்கத்தை மாற்றினால் சரியாகிவிடும், எது என்றும் அவருக்குத் தெரியும். கண்ணாடியை எடுக்க நெஞ்சுப் பையைத் தடவினார். கையில் பட்டது விபூதி. கோயிலுக்குச் சேட் போடாமல் வருகிறவனுக்குப் பை ஏது? கண்ணாடி சேட்டுப் பையில், சேட் வீட்டில் உடுப்புப் போடும் அசையில். திரையில் எழுத்துகள் கறுத்த எறும்பாக ஊர்ந்தன.

"ஜெயதீபன், அதிலை சத்தம் எண்டு தொடங்கிற வரியை ஒருக்கா வாசி."

ஜெயதீபன் குனிந்து பார்த்தான். "ஐயா, இதிலை வளைஞ்ச கோடும் புள்ளியும்தான் கிடக்கு. உது வாசிக்கிற சாமானோ?"

சனம் மெல்ல மெல்ல ஐஸ்கிறீம் வான் பக்கம் நகரத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து ஆழ்வாப்பிள்ளை பலகைக்கு முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எலியை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன மச்சான், உம்மடை எலிக்கு இண்டைக்கு விரதமோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தியாகலிங்கம் தலை தூக்கவில்லை. கிணறு அவர் கண்முன் வந்து நின்றது. காகங்கள், மாங்காய் மழை, முட்டித் திரும்பும் அந்த முதல் வட்டம், எல்லாம் தண்ணீருக்குள் போகப்போகின்றன. அவருக்கு அழுகை வரப் பார்த்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு கண்டபடி தட்டினார்.

உள்ளே குருக்கள் சங்கற்பத்துக்கு உபயகாரரைத் தேடினார். ஞானாம்பிகை கூட்டிப்போக வந்தாள். புதுச் சேலை, தலை நிறையப் பூ, நாலு பேர் பார்க்கும் இடம். ஆகவே அடக்கமாக, "இஞ்சேருங்கோ, ஐயர் கூப்பிடுறார்" என்றாள். இவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். கேட்கவில்லை. தமையன் பக்கத்தில் நிற்கிறார், ஊர் பார்க்கிறது, உள்ளே பூசை காத்திருக்கிறது, இந்த மனுசன் வாளிக்கு முன்னால் குந்திக்கொண்டிருக்கிறது. ஞானாம்பிகைக்குக் கோயில், சேலை, பூ எல்லாம் மறந்துபோயின. குசினி வாசலில் நிற்கும் ஞாபகத்தில் ஒரே இழுவையாகக் கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ."

தவில்காரர் கையை நிறுத்திவிட்டார். எலி துள்ளியது. ஒரே பாய்ச்சலில் மோதகத்தை விழுங்கி, வாலை ஆட்டி, ஒரு சுற்றுப் பெருத்து, அடுத்த மோதகத்துக்காக நின்றது.

அப்போதுதான் தியாகலிங்கத்துக்கு விளங்கியது. வீட்டில் எலி ஒருநாளும் தவிலுக்குத் துள்ளவில்லை; விடாத, தடித்த சத்தம் என்று நிரல் அதைத் தள்ளிவிட்டிருக்கிறது. இவர் தவிலைப் பெரிதாக வைக்க, பொறுக்க முடியாமல் அவள் குசினியிலிருந்து "இஞ்சேருங்கோ, உந்தச் சத்தத்தைக் குறையுங்கோ" என்று கத்தியிருக்கிறாள். எலி அதற்குத்தான் துள்ளியிருக்கிறது. அந்தக் கத்தல் இவர் காதில் விழவில்லை, எலியின் காதில் விழுந்திருக்கிறது.

ஞானாம்பிகை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். காது வரை சிவந்துவிட்டது. சனமோ ஐஸ்கிறீமை விட்டுவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

தியாகலிங்கம் எழுந்து கிட்டப் போனார். "ஞானம், இன்னொருக்காக் கூப்பிடுவியே?" என்று கெஞ்சினார்.

"விசரே உங்களுக்கு" என்று அவள் பல்லைக் கடித்தாள்.

ஆழ்வாப்பிள்ளைதான் தவறு விட்டார். பேசாமல் இருந்திருக்கலாம். "பொம்பிளையள் கோயிலடியிலை நிண்டு குளறுறது எங்கடை குடும்பத்திலை இல்லாத பழக்கம். வா பிள்ளை அங்காலை" என்றார்.

ஞானாம்பிகை தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். தமையனைப் பார்த்தாள். ஐந்தாம் திருவிழாவுக்கு வருடா வருடம் அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிற தமையன். அவளுடைய புருசனுக்கு முறையாக ஒருநாளும் அழைப்புச் சொன்னதில்லை. அவள் பலகைப் பக்கம் திரும்பி, கால் இரண்டையும் ஊன்றி நின்றாள்.

"இஞ்சேருங்கோ."

எலி தின்றது. சனம் கைதட்டியது. அவள் மறுபடி கூப்பிட்டாள். எலி மறுபடி தின்றது. சின்னப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கத்திப் பார்த்தார்கள். இடைவிடாத அந்தக் கூச்சலை எலி மதிக்கவே இல்லை. பலசரக்குக் கடைக்காரரின் மனைவி தன் குரலில் ஒருதரம் முயன்றாள். எலி மீசையைக்கூட அசைக்கவில்லை. ஞானாம்பிகைக்கு மட்டும் துள்ளியது. அவளுக்கும் இப்போது உசார் வந்துவிட்டது. தவில்காரர் ஒரு சுற்று வாசித்து நிறுத்துவார், அந்த இடைவெளியில் இவள் கூப்பிடுவாள், எலி தின்னும், தவில்காரர் தலையாட்டிக்கொண்டு அடுத்த சுற்றுக்குப் போவார்.

ஒரு விசயத்தைத் தியாகலிங்கம் யோசித்திருக்கவில்லை. எலி எந்த அளவுக்குக் கொழுக்கலாம் என்று நிரலில் எல்லை வைக்க மறந்துபோனார். ஒவ்வொரு மோதகத்துக்கும் எலி பெருத்தது. வால் பலகைக்கு வெளியே போனது. காது போனது. கடைசியில் பலகை முழுக்க வெள்ளை வயிறும் ஓர் ஓரத்தில் ஒற்றைக் கண்ணும்தான் மிச்சம். அடுத்த கூப்பிடுதலோடு அந்தக் கண்ணும் போய், பலகை ஒரே வெளிச்சமாக எரிந்தது.

தியாகலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். இப்போது சிரிக்கப்போகிறார்கள்.

சங்கற்பத்துக்குக் காத்துக் காத்துக் களைத்து வெளியே வந்த குருக்கள் அதைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். ஒலிவாங்கி கையில் இருந்தது. "சிறிய எலியாய் வந்தது பார்த்தீர்களா, உருவம் போய் ஒளியாகிவிட்டது. உபயகாரர் மிகப் பெரிய தத்துவத்தை விளக்கியிருக்கிறார்" என்றார். கையெடுத்துக் கும்பிட்டவர்கள் இருந்தார்கள். உபயகாரரும் வேறு வழியில்லாமல் கும்பிட்டார்.

மறுநாள் காலை தியாகலிங்கம் லப்டொப்பை மூடி, ஒரு துவாயில் சுற்றி, வாசலுக்குக் கிட்டத் தானாகவே வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். தத்துவம் ஒருபுறம். ஊருக்கு நடுவே மனைவியைக் குளற வைத்தது வைத்ததுதான். ஞானாம்பிகை தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். மூட்டையை ஒருதரம் பார்த்துவிட்டுக் குசினிக்குத் திரும்பிப் போனாள்.

படலையைத் திறந்துகொண்டு ஆழ்வாப்பிள்ளை வந்தார். தியாகலிங்கத்தைக் கடந்துபோய்த் தங்கையிடம் நின்றார்.

"பிள்ளை, பட்டணத்து லைற்காரர் வந்து வளைவு கட்டியாச்சு. ஆனால் வழி நெடுகச் சனம் என்னட்டைக் கேக்கிறது, இண்டைக்கும் எலி வருமோ எண்டுதான். நீ பின்னேரம் வந்து ஒருக்காக் கூப்பிட்டு விடன்."

"குளறுறது எங்கடை குடும்பத்திலை இல்லாத பழக்கம் எல்லே அண்ணை?"

ஆழ்வாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "அது நேற்று."

"நான் கூப்பிடுறது எலியை இல்லை. என்ரை மனுசனை. அவர் அங்கை நிக்காட்டி நான் ஆரைக் கூப்பிடுறது?"

"அவரும் வரட்டுமன்."

"வரட்டுமன் எண்டால் வரமாட்டார். அங்கை இருக்கிறார். முறையாச் சொல்லுங்கோ."

ஆழ்வாப்பிள்ளை சால்வையைத் தோளிலிருந்து எடுத்தார், மறுபடி போட்டார். தங்கை குசினி வாசலை மறித்து நின்றாள். வேறு போக்கிடம் இல்லாமல் தியாகலிங்கம் பக்கம் திரும்பினார். "மச்சான், இண்டைக்கு எங்கடை திருவிழா. நீர் வந்து முன்னுக்கு நிண்டு நடத்தித் தரவேணும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எலியோடை" என்றும் சேர்த்துக்கொண்டார்.

தியாகலிங்கம் எழுந்து நின்று "ஓம், வாறன் மச்சான்" என்றார்.

தமையன் போன பிறகு அவர் துவாய் மூட்டையைத் தாடையால் காட்டினார். "அப்ப, உது?"

"இருக்கட்டும்" என்றாள் ஞானாம்பிகை.

அவர் முகம் மலர்ந்தது. அவள் குசினிப் பக்கம் திரும்பிப் போனவள், நிலையில் கை வைத்து நின்றாள்.

"உங்கடை எலி நான் ஒருக்காக் கூப்பிட்ட உடனை வந்தது. கலியாணம் கட்டின நாள் தொட்டு இந்த வீட்டிலை ஒருத்தரும் அப்பிடி வந்ததில்லை."

பகிடியாகச் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். தியாகலிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது. நேற்று எலி அசையாமல் நின்றபோதுகூட இத்தனை வெட்கம் வரவில்லை. பிறகு, பின்னேரத்துக்குள் எலிக்கு எல்லை வைத்தாக வேண்டுமே என்று கண்ணாடியைப் போட்டு லப்டொப்பைத் திறந்தார். வயிறு பலகையின் அகலத்தைத் தாண்டினால் என்று தொடங்கி ஒரு நீளமான வரி. பாதிக்குமேல் வந்தாயிற்று, அடைப்புக்குறி ஒன்றை மூட வேண்டும்.

"இஞ்சேருங்கோ" என்று குரல் வந்தது.

விரல் அந்தரத்தில் நின்றது. தியாகலிங்கம் அடைப்புக்குறியை மூடவில்லை, எழுதியதைச் சேமிக்கவும் இல்லை. "வாறன்" என்றுகூடச் சொல்லாமல் எழுந்து நடந்து குசினி வாசலில் போய் நின்றார்.

"என்ன ஞானம்?"

ஞானாம்பிகை கையில் அகப்பையோடு திடுக்கிட்டுத் திரும்பினாள். இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் கூப்பிட வேண்டிவரும் என்ற கணக்கிலேயே அவள் தொடங்கியிருந்தாள்; என்னத்துக்குக் கூப்பிட்டோம் என்பதை இன்னும் யோசித்து முடிக்கவில்லை. அவரைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள்.

"ஒண்டுமில்லை" என்றாள். பிறகு, வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், தேங்காய்ப் பாதியையும் அதைத் திருவுகிற திருவலையையும் அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.